மகளிரும் நான்கு கிலோமீட்டர் ஓட்டமும்

உலகப் பந்தயங்களுள் ஒன்று பிறந்து, ஒன்பது முறை நடைபெற்று, ஓசையின்றி மறைந்தது. உலக கிராஸ் கண்ட்ரி போட்டியில் 1998 முதல் 2006 முடிய ஆண்டுதோறும் நிகழ்ந்த மகளிர் குறுந்தொலை ஓட்டமே அது. அதன் நீளம் 4 கிலோமீட்டர். அது மறைந்தமைக்கு வருந்தியவர் நம் நாட்டில் மிகச் சிலர். அப்படியொன்று இருந்ததென அறிந்தவரும் பலரல்லர். உலகத்தார் அதனை வேண்டாவென்று தள்ளியிருப்பினும், நமக்கு, அதிலும் காவிரிக்கரையிலும் புதுக்கோட்டைச் சீமையிலும் பிறந்து ஓடத் துடிக்கும் பெண்மக்களுக்கு, அது மிக வேண்டப்படுவதென்பது என் துணிபு. அதனைக் கல்லூரி அன்பர்கள் முன் எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன். யான் ஓடுபவள் அல்லேன். விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றிவரும் தோழியரைப் பார்த்துக்கொண்டே நன்னூற் சூத்திரம் நெட்டுருச் செய்யும் கூட்டத்தைச் சேர்ந்தவள். ஆகவே பயிற்சி முறைகளைப்பற்றிப் பேசும் துணிவு எனக்கில்லை, பேசப்போவது நியாயத்தைப்பற்றி.

முதற்கண் பெயரைக் குறித்து ஒரு சொல். இவ்வகை ஓட்டத்தைப் பத்திரிகைகள் ‘குறுக்கு நாட்டு ஓட்டம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து வெளியிடுகின்றன. படிப்போர்க்கு நாட்டின் ஓரெல்லையினின்று மற்றோரெல்லைக்கு ஓடுவது போன்ற மயக்கம் உண்டாதல் இயல்பே. பயில்வோரோ கிராஸ் கண்ட்ரி என்றே வழங்குகின்றனர். இக்கட்டுரையில் யான் அதனை நிலவெளி ஓட்டம் என்று எழுதுவேன். ஆசிரியர்கள் இதனினும் நல்ல சொல் தருவாராயின் மகிழ்ந்து ஏற்பேன். வட்டமாய் வகுத்துக் கோடிட்ட தளத்தில் ஓடாது, புல்லும் சேறும் மேடும் பள்ளமும் விரவிய வெளியில் ஓடுவதே இதன் இலக்கணம். நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம் எனப் பகுத்துணர்ந்த மரபினர்க்கு இதனை மேலும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இவ்வோட்டம் மண்ணோடு எவ்வளவு நெருங்கியது என்பதற்கு ஒரு செய்தி மட்டும் கூறுவேன். 2001-ஆம் ஆண்டின் உலகப் போட்டி அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் நடைபெறுவதாயிருந்தது. அவ்வாண்டு அப்பகுதிகளிற் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் கண்டது. மேய்ச்சல் நிலத்தில் பன்னாட்டார் கால் வைத்தால் நோய் பரவுமென்று அஞ்சி, போட்டியைப் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டு நகருக்கு மாற்றினர். மாட்டுக்கு வந்த நோய் மனிதர் பந்தயத்தைக் கடல்கடந்து துரத்தியது வேறெந்த விளையாட்டில் நிகழ்ந்திருக்கும்?

பெண்கள் நெடுந்தொலை ஓடலாகாதென்னும் கொள்கை நம் நாட்டார்க்கே உரியதென எண்ணற்க. 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் விழாவில் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினர். ஜெர்மானிய நாட்டு லீனா ராட்கே வென்றார். ஓடி முடித்தவருட் சிலர் களைத்து நிலத்திற் சாய்ந்தனரென்று பத்திரிகைகள் பெரிதுபடுத்தி எழுதின, அவ்வோட்டம் விலக்கப்பட்டது. மறுபடியும் அது ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1960-இல். இடையிற் கழிந்தவை 32 ஆண்டுகள். ஆடவன் ஓடிச் சாய்ந்தால் வீரம், பெண் ஓடிச் சாய்ந்தால் இயலாமை என்று கண்ட அந்த நீதிபதிகளை என்னென்பது! பெண்களுக்கு 1500 மீட்டர் கிடைத்தது 1972-இல். மாரத்தான் கிடைத்தது 1984-இல். ஒவ்வொரு முழமும் கேட்டுக் கேட்டுப் பெற்றது.

நிலவெளி ஓட்டத்திலும் இதே கதை. ஆடவர்க்குரிய பன்னாட்டுப் போட்டி 1903-இல் தொடங்கிற்று. பெண்கள் அதிற் புகுந்தது 1967-இல், வேல்ஸ் நாட்டுப் பாரி என்னும் ஊரில். அமெரிக்காவின் டோரிஸ் பிரௌன் அன்று வென்றார். அதுமுதல் ஐந்தாண்டு தொடர்ந்து அவரே வென்றார். பின்னர் 1973-இல் பெல்ஜியத்து வாரெகெம் நகரில் உலகப் போட்டி என்னும் பெயரோடு அது புதுப்பிறப்பு எடுத்தபோது, ஆடவர் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் ஓடினர். பெண்களுக்கு வகுக்கப்பட்டது ஏறத்தாழ 4 கிலோமீட்டர். இத்தாலியின் பாவ்லா பிக்னி அதில் முதல்வரானார். அன்றைய 4 கிலோமீட்டர் அளந்து இட்ட சோறு. உனக்குச் செரிப்பது இவ்வளவே என்று பரிமாறுகிறவர் தீர்மானித்தது. உண்பவரை எவரும் கேட்டிலர்.

அத்தொலைவு சிறிது சிறிதாகக் கூடி வந்தது. 1998-இல் மொராக்கோ நாட்டு மராக்கேஷ் நகரில் பெண்கள் 8 கிலோமீட்டர் ஓடினர். அவ்வாண்டே புதியதொரு முறையும் புகுந்தது: நெடுந்தொலை ஓட்டத்தோடு குறுந்தொலை ஓட்டம் ஒன்றும் தனியே நடத்துவதென ஏற்பாடாயிற்று. குறுந்தொலை ஆடவர்க்கு 4 கிலோமீட்டர்; பெண்டிர்க்கும் 4 கிலோமீட்டர். இவ்வொரு வரியை அன்பர்கள் மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டுகிறேன். நெடுந்தொலையில் ஆடவர் 12, பெண்டிர் 8. இளையோரில் ஆண்கள் 8, பெண்கள் 6. எங்கு நோக்கினும் பெண்ணுக்குக் குறைத்தளந்த அப்போட்டியில், இருபாலார்க்கும் ஒரே படியால் அளந்தது இக்குறுந்தொலை ஓட்டம் ஒன்றே. 1973-இற் கட்டளையாயிருந்த 4 கிலோமீட்டர், 1998-இல் விருப்பமாயிற்று. விரும்பினோர் 8 ஓடலாம், விரும்பினோர் 4 ஓடலாம், வல்லவர் இரண்டும் ஓடலாம்.

இரண்டும் ஓடி இரண்டிலும் வென்றார் ஒருவர், அந்த முதலாண்டிலேயே. அவர் அயர்லாந்தின் சோனியா ஓ’சல்லிவன். இரண்டாண்டுக்கு முன் அட்லாண்டா ஒலிம்பிக்கில் 5000 மீட்டரில் வெல்வாரென எல்லோரும் எதிர்பார்த்திருக்க, ஓட்டத்தின் நடுவே உடல்நலங் குன்றி விலகியவர் அவர். ஒருநாள் 8, மறுநாள் 4, இரண்டிலும் தங்கம். 2005-இற் பிரான்சு நாட்டில் எத்தியோப்பியாவின் திருநேஷ் திபாபா அவ்வருஞ்செயலை மீண்டும் செய்தார். ஒன்பது முறை நிகழ்ந்ததற்குள் இருவர்க்கே அது கைகூடிற்று.

எனினும் இவ்விருவரினும் என் உள்ளத்தைக் கவர்ந்தவர் கென்யாவின் எடித் மசாய். சிறைத்துறையிற் பணிபுரிந்தவர். ஓட்டக்காரிகள் பலர் ஓய்வுபெறும் பருவத்தில், தம் 34-ஆம் வயதில், 2002-இல் டப்ளினில் முதன்முறை இப்பட்டத்தை வென்றார். 2003-இல் லோசானிலும் 2004-இற் பிரசெல்சிலும் மீண்டும் அவரே. முப்பதைக் கடந்த பெண்ணுக்கு இனி என்ன ஓட்டம் என்று கேட்கும் நம் உறவினர்கள் முன் இப்பெயரைச் சொல்லிப் பார்க்கலாம். கடைசியாக 2006-இல் சப்பானிய நகராகிய புக்குவோக்காவில் வென்றவர் எத்தியோப்பியாவின் கெலெட்டே புர்க்கா. குறுந்தொலை ஓட்டத்தின் பயன் யாதென்று கேட்பார்க்கு இவருடைய பிற்கால வாழ்வே விடை. 2008-இல் உலக உள்ளரங்கப் போட்டியின் 1500 மீட்டர்ப் பட்டம் அவர்க்கு உரியதாயிற்று. 2015-இற் பீக்கிங் உலகப் போட்டியில் 10,000 மீட்டரில் வெள்ளி பெற்றார். பன்னிரண்டு பதின்மூன்று நிமிடத்தில் முடியும் அந்த 4 கிலோமீட்டர், விரைந்தோடுவார்க்கும் நெடிதோடுவார்க்கும் இடையிலுள்ள திண்ணை போன்றது. அதில் ஏறி நின்றால் இருபக்கமும் இறங்கலாம்.

அத்தகைய ஓட்டத்தை ஏன் நிறுத்தினர்? கூறப்பட்ட காரணங்கள் முற்றும் பொய்யல்ல. இரண்டு ஓட்டம் இருந்தமையால் வல்லவர் இரண்டாகப் பிரிந்தனர். போட்டி இருநாள் நீண்டது. ஆடவரில் எத்தியோப்பியாவின் கெனெனிசா பெக்கேலே 2002 முதல் ஐந்தாண்டும் நெடுந்தொலை, குறுந்தொலை இரண்டையும் தாமே வென்று, இரண்டும் ஒன்றே என்னும் எண்ணத்தை உண்டாக்கிவிட்டார். 2007-இல் மொம்பாசாவிற் போட்டி பழையபடி ஒரேநாளில் அடங்கியது. ஆனால் அதனோடு போனது எது? இருபாலார்க்கும் ஒத்த அளவுள்ள அந்த ஒரே பந்தயம் போயிற்று. மூத்தோர் பந்தயத்தில் ஆடவர் 12, பெண்டிர் 8 என்னும் பழைய வேற்றுமை மட்டும் நின்றது. 2017-இல் உகாண்டாவின் கம்பாலாவில் இருவர்க்கும் 10 கிலோமீட்டர் என்று ஆக்கப்படும்வரை அது நீடித்தது. பெண்ணுக்கு நன்மை செய்யும் நோக்கோடு குறுந்தொலையை எடுத்தனர் என்று எவரேனும் கூறின், இவ்விடைக்காலத்துக்கு அவர் கணக்குச் சொல்லுதல் வேண்டும்.

இதற்கு எதிராக ஒருசாரார் வேறொரு நியாயம் பேசுவர். குறுகிய ஓட்டத்தை வேண்டுவதே பெண்ணைக் குறைத்து மதிப்பதாகும், 10 கிலோமீட்டர் கிடைத்த பின் 4 கேட்பானேன் என்பர். இவர்கள் நம் தரப்பினர். ஆகையால் மதிப்போடு விடை கூறுகிறேன். விலங்காவது தொலைவின் சிறுமை அன்று, தெரிவின் இன்மையே. 100 மீட்டர் ஓடும் ஆடவனை மாரத்தான் ஓட மாட்டாதவன் என்று எவரும் எள்ளுவதில்லை. மேலும் வீட்டுவேலைக்கும் வகுப்புக்கும் இடையில் ஒருமணி நேரமே கிடைக்கும் பெண்ணைப் பார்த்து, 10 கிலோமீட்டர் ஓடு, இன்றேல் வீட்டிலிரு என்பது சமத்துவம் ஆகாது. முதற்படி தாழ இருந்தாலன்றோ மாடிக்கு ஏற இயலும்?

இஃது இவ்வாறு நிற்க. நம் பக்கத்துக்கு வருவோம்.

திருச்சிராப்பள்ளியையும் அதனை அடுத்த புதுக்கோட்டையையும் சேர்ந்த பெண்கள் ஓட்டத்திற் பெற்ற புகழையும் பட்ட துயரையும் நினைக்குந்தோறும் நெஞ்சு கனக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கதக்குறிச்சியிற் செங்கற் சூளைத் தொழிலாளர் மகளாய்ப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006-ஆம் ஆண்டு தோகா நகரத்து ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். சில நாட்களிற் பாலினச் சோதனை ஒன்றைக் காரணங்காட்டி அப்பதக்கத்தைப் பறித்தனர். அவர் மருந்து உண்டாரல்லர், எவரையும் ஏமாற்றினாரல்லர், பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவே. தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் வழங்கி ஆதரித்தது உண்மை. ஆயினும் 2012-இல் அவர் மீண்டும் சூளையில் வேலை செய்கிறாரென்ற செய்தி நாடெங்கும் பரவிற்று. பின்னர்ப் பயிற்சியாளர்க்குரிய படிப்பை முடித்துப் பிறரைப் பயிற்றுவிக்கும் பணியில் அமர்ந்தமை அவருடைய மனவலிமைக்குச் சான்று. ஒடிசாவின் துதி சந்த் தமக்கு நேர்ந்த தடையை எதிர்த்து வழக்காடி 2015-இல் அவ்விதியையே நிறுத்திவைக்கச் செய்தார். சாந்திக்கு 2006-இல் அத்தகைய துணை வாய்க்கவில்லை.

பதின்மூன்று ஆண்டு கழித்து, அதே தோகா நகரில், அதே 800 மீட்டரில், திருச்சிராப்பள்ளி மாவட்டத்து முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019-இல் ஆசியத் தங்கம் வென்றார். எடுத்த நேரம் 2 நிமிடம் 2.70 விநாடி. அவ்வாண்டு அப்போட்டியில் இந்தியாவுக்குக் கிட்டிய முதல் தங்கம் அது. அவருக்கு அப்போது வயது 30. உழைத்து ஆளாக்கிய தந்தை அதனைக் காண உயிரோடில்லை. ஊரெங்கும் வரவேற்பு, பாராட்டு, பரிசு. சில வாரங்களில் ஊக்கமருந்துச் சோதனைச் செய்தி வந்தது. தாம் அறிந்து எதனையும் உட்கொண்டதில்லையென அவர் மறுத்தார். நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது, பதக்கமும் போயிற்று. விதி விதிதான்; அதனை யான் குறைகூறவில்லை. ஊக்கமருந்தைக் கண்டுபிடித்துத் தண்டியாவிடின் நேர்மையாய் ஓடுபவளுக்கு நாதியில்லை. ஆயினும் மாலை சூட்டிய கைகள் எவ்வளவு விரைவில் விலகிக்கொண்டன என்பதைப் பார்த்தோம்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் காரணத்தால் வேறுபட்டவை, ஒன்றோடொன்று குழப்பலாகாது. ஒன்றில் மட்டும் இரண்டும் ஒத்துள்ளன. இருவரும் தனியே சென்றவர்கள். ஊர்முழுவதும் ஒருத்தியின் இரண்டு நிமிடத்தின்மீது தன் பெருமையனைத்தையும் ஏற்றி வைத்தது. அவளுடைய பதக்கம் போன அன்றே ஊரின் ஓட்டமும் முடிந்ததுபோலாயிற்று. அவளுக்குப் பின்னே இரண்டாமவள், மூன்றாமவள், நான்காமவள் எவர் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. இருக்கவில்லையென்பதன்று பொருள், நாம் எண்ணவில்லையென்பதே. அவர்கள் மாவட்டப் போட்டியில் ஆறாவதாக வந்து, சான்றிதழும் இல்லாமல் பேருந்தேறி வீடு திரும்பியவர்கள்.

நிலவெளி ஓட்டத்தின் தனிச்சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. அதில் ஆறாவதாக வந்தவளும் எண்ணப்படுகிறாள். உலகக் குறுந்தொலைப் போட்டியில் ஒரு நாட்டினின்று அறுவர்வரை ஓடலாம். அவருள் முன்வந்த நால்வருடைய இடங்களைக் கூட்டுவர். குறைந்த தொகை பெற்ற அணி வெல்லும். ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஓர் அணியில் ஒருத்தி முதலாவதாக வருகிறாள். அவள் தோழியர் 20, 31, 40 ஆகிய இடங்களைப் பெறுகின்றனர். கூட்டுத்தொகை 92. மற்றோரணியில் முதற்பத்தில் ஒருத்தியுமில்லை; நால்வரும் 12, 14, 15, 17 என ஒருங்கே வருகின்றனர். கூட்டுத்தொகை 58. வென்றது இரண்டாவது அணி. பின்னே வருபவள் ஒருத்தியை முந்தினால் அணிக்கு ஓரெண் குறையும். ஆகவே முப்பதாம் இடத்துக்கும் முப்பத்தொன்றாம் இடத்துக்கும் நடக்கும் போராட்டத்தையும் பயிற்சியாளர் தொண்டை வறளக் கூவி ஊக்குவார். முதலாமவள் மட்டுமே பேறுபெறும் பந்தயத்தில் இது நிகழாது. முப்பத்தொன்றாமவளுக்கும் கூவும் ஒரு விளையாட்டை நம் ஊர்கள் கண்டாக வேண்டும்.

நம் மண்ணிற் கூட்டமாய் ஓடும் திறமில்லை என்று கூறுவார் உளரேல், 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடரோட்ட அணியை நினைவூட்டுவேன். அந்நால்வருள் திருச்சி மாவட்டத்துச் சுபா வெங்கடேசனும் ஆரோக்கிய ராஜீவும் இருந்தனர். மதுரைப் பக்கத்து ரேவதி வீரமணியும் இருந்தார். நால்வரில் மூவர் தமிழ்நாட்டார்! நெடுந்தொலைக்கும் ஆளுண்டு: புதுக்கோட்டை மாவட்டத்துச் சூரியா லோகநாதன் 2016-இற் கௌகாத்தியில் நடந்த தெற்காசிய விளையாட்டில் 5000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். 800 ஓடுபவரும் 10,000 ஓடுபவரும் ஒரு பேருந்துத் தொலைவுக்குள் பிறந்திருக்க, அவ்விருவரும் ஒருங்கு நின்று ஓடத்தக்க 4 கிலோமீட்டர்ப் பந்தயம் ஒன்றில்லை. வல்லவர் உண்டு, களம் இல்லை என்பதே என் வழக்கு.

எத்தியோப்பியாவின் ஆர்சி மலைநாட்டிற் பெக்கோஜி என்று ஒரு சிற்றூர். 1992-இற் பார்சிலோனா ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் வென்ற தெரார்த்து துலு, மேலே கூறிய திருநேஷ் திபாபா, கெனெனிசா பெக்கேலே ஆகிய மூவரும் அவ்வூர்ப் பகுதியினரே. அவர்களை முதலிற் கண்டு வழிப்படுத்தியவர் சென்டாயேஹு எஷெட்டு என்னும் பள்ளியாசிரியர். அவரிடம் விலையுயர்ந்த தளமுமில்லை, கருவியுமில்லை. காட்டுவெளியும், விடியற்காலையும், கூட்டங் கூட்டமாய் ஓடிய சிறுவர் சிறுமியருமே இருந்தனர். பெக்கோஜி கடல்மட்டத்துக்கு மிக உயர்ந்த குளிர்நாடு. நம் ஊரோ சித்திரையில் கல்லும் பொரியும் சமவெளி. ஆகவே அவர்கள் நுரையீரல் நமக்கு வாய்க்கும் என்று யான் ஆசைகாட்டவில்லை. பள்ளியாசிரியர் ஒருவரும் விடியற்காலையும் நமக்கும் உண்டு என்றுதான் கூறுகிறேன்.

இனி எதிர்ப்படும் இடர்களை மறைத்துப் பயனில்லை. வெயிலையும், வரப்பிற் கிடக்கும் பாம்பையும், தெரு நாய்களையும் சமாளிக்கலாம். மனிதர் கண்ணைச் சமாளிப்பதே அரிது. மதில் சூழ்ந்த மைதானத்தில் ஓடும் மகளைப் பொறுத்துக்கொள்ளும் பெற்றோர், வாய்க்கால் கரையில் அரைக்காற்சட்டையோடு ஓடும் மகளைப் பொறுப்பரோ? தேநீர்க் கடையில் அமர்ந்திருப்போர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு ஓடுவது எளிதன்று என்று ஓடும் தோழியரே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருத்தி ஓடினால் வேடிக்கை. இருவர் ஓடினால் வம்பு. அறுபதுபேர் ஒருங்கே ஓடினால் அது திருவிழா. தனித்து ஓடும் பெண்ணைச் சீழ்க்கையடிப்பவன், அறுபது பெண்களும் அவர்தம் தாய்மாரும் ஆசிரியைகளும் நிற்குமிடத்தில் வாயைத் திறவான். இதுவும் குறுந்தொலைக்கு ஒரு நியாயம்: 10 கிலோமீட்டர்ப் பாதை நெடுகக் காவலுக்கு ஆள் நிறுத்த எவராலும் இயலாது, 2 கிலோமீட்டர்ச் சுற்றை இருமுறை ஓடும் பந்தயத்தில் ஒவ்வொரு வளைவிலும் ஒருவரை நிறுத்திவிடலாம். உடையைப் பற்றி ஒரு சொல் போதும். முழுக்காற்சட்டையோ, அரைக்காற்சட்டையோ, தலைக்குத் துணியோ, அணிபவளே முடிவு செய்யட்டும். குதிகாலைத் தடுக்காதிருந்தாற் சரி.

இடம் எங்கே என்று கேட்கலாம். புத்தூரை ஒட்டி ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்கால் சோழர் காலத்தது. அதன் கரை இவ்வோட்டத்துக்கென்றே அமைந்ததுபோல் ஒருகாலத்தில் இருந்திருக்கும். இன்று ஊருக்குள்ளே அக்கரையிற் கால் வைப்பவர் மூக்கைப் பிடித்துக்கொண்டே நடத்தல் வேண்டும். ஓடுவோர்க்கு மூக்கு வேண்டும். ஆதலின் வயலூர்ச் சாலையில் மேற்கே செல்வோம். அங்கே இன்னும் நெல்லும் வாழையும் நிற்கின்றன. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வயல் காய்ந்து கிடக்கும். அறுத்த தாள் காலைக் குத்துமாகையால் வயல் நடுவே பாதை வகுத்தல் ஆகாது. வண்டிப்பாதையும் களத்துமேடும் வாய்க்கால் மதகுமாக ஒரு சுற்று வகுக்கலாம். நிலத்துக்குரியோர் இசைவு வேண்டும். நம் பழைய மாணவருள் அப்பக்கத்தில் நிலமுடையோர் உளராயின் இப்பக்கத்தைப் படித்ததும் உடற்பயிற்சி ஆசிரியர்க்கு ஒரு கடிதம் எழுதுவாராக.

அணி ஒன்றுக்கு அறுவர், எண்ணப்படுவோர் நால்வர். நம் கல்லூரியோடு திருச்சியிலுள்ள ஹோலி கிராஸ், சீதாலட்சுமி ராமசாமி முதலிய மகளிர் கல்லூரிகளையும், முடிகண்டம் போன்ற ஊர்களின் அரசுப் பள்ளிகளையும் அழைக்கலாம். பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரிப் பெண்களோடு ஓடவிடாது, அவர்களுக்கெனத் தனி வரிசை எண்ணலாம். மாணவர்க்கும் அதே நாள், அதே பாதை, அதே 4 கிலோமீட்டர். ஒரு முழம் கூடவும் வேண்டா, குறையவும் வேண்டா. பரிசு வெற்றிக்கோப்பையாக இருக்கட்டும். முதலாமவளுக்கு மட்டும் தங்கச்சங்கிலி என்று நன்கொடையாளர் எவரேனும் முன்வருவாராயின், அதே தொகையில் நால்வர்க்கும் நல்ல காலணி வாங்கித் தர முடியுமென்பதை அவரிடம் பணிவோடு எடுத்துரைக்க வேண்டும். செலவு பெரிதன்று. சுண்ணாம்புத் தூள் இரண்டு மூட்டை, மூங்கிற் கழியிற் கட்டிய கொடிகள், மார்பிற் குத்தும் எண் அட்டைகள், தண்ணீர்ப் பானைகள், ஒரு மருத்துவ ஊர்தி. அரசு மருத்துவமனையும் புத்தூரிலேயே உள்ளது. கடைசியாக வருபவள் கோட்டைத் தாண்டும்வரை எண் குறிப்போர் எழுந்து போகாதிருக்க வேண்டும். அவ்வேலைக்கு யான் இப்போதே பெயர் கொடுக்கிறேன். கணக்கில் யான் வல்லவள் அல்லள். நான்கு எண்களைக் கூட்டத் தெரியும்.